பதினாலு வயசுக்காரி

‘பிறப்பு’ என்று எழுதி இரண்டு புள்ளி வைத்ததோடு பிரான்சிஸ் பிரஷ்ஷை நிறுத்திவிட்டார். வெள்ளை அடித்த மரச்சிலுவை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குக் குறுக்கே கிடந்தது. ‘ஆரோக்கியம்மாள்’ என்ற பெயர் அதில் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது.

“டீச்சர், தேதியச் சொல்லுங்க. மத்தியானத்துக்குள்ள காஞ்சாத்தான் நாலு மணிக்குத் தூக்கிட்டுப் போக முடியும்.”

சகாயராணியின் கையில் அம்மாவின் ஆதார் அட்டை இருந்தது. 01.01.1962. பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் தொண்டை கட்டாமல் கத்துகிறவளுக்கு, அந்த எட்டு எண்களைச் சொல்ல வாய் வரவில்லை.

“அதான் கார்டுல இருக்குல்ல. பாத்துச் சொல்ல வேண்டியதுதானே” என்றான் அண்ணன் எட்வின். விடியற்காலை ஐந்தரைக்கு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததிலிருந்து அவன் உட்காரவே இல்லை. ஐஸ் பெட்டி, பந்தல், கோயில் மணி, குழி வெட்ட ஆள் என்று காலில் சக்கரம் கட்டியவனாக அலைந்துகொண்டிருந்தான்.

“அது அம்மாவோட தேதி இல்லண்ணே.”

“பின்ன யாரோடது?”

“கங்காணியோடது.”

எட்வின் அட்டையை வாங்கிப் பார்த்தான். அவனுக்கும் அந்தக் கதை தெரியும். தெரிந்த கதைதான் என்பதால் பல வருஷமாக அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

ஆரோக்கியம்மாள் பிறந்தது மயிலாடும்பாறைப் பக்கம். அப்போது அவள் பெயர் பேச்சி. மழை தொடர்ந்து பொய்த்து, விதைநெல்லையும் தின்று தீர்த்த ஒரு கோடையில், கூலிக்கு ஆள் பிடிக்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அவள் அப்பா அவளை மலையேற்றி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லி ஆவதென்ன? வீட்டில் இன்னும் மூன்று வாய்கள் இருந்தன. ஏலக்காய் தரையோடு தரையாகச் சரம் விட்டுக் காய்ப்பது. பெரியவர்கள் நாளெல்லாம் குனிந்தே கிடக்க வேண்டும். சின்னப் பிள்ளை குத்தவைத்தால் போதும், காய் முகத்துக்கு நேரே இருக்கும். ஆண்டவன் பிள்ளைகளுக்கு இந்த உயரத்தைக் கொடுத்ததே இதற்குத்தான் என்று கங்காணி சொல்வானாம்.

யார் கேட்டாலும் பதினாலு என்று சொல்ல வேண்டும். அதுதான் மலையில் அவளுக்குக் கிடைத்த முதல் பாடம். பத்து வரை எண்ணத் தெரிவதற்கு முன்பே பதினாலு என்று சொல்லத் தெரிந்துவிட்டது. “எத்தனை வருசம்னு தெரியாது, நான் பதினாலு வயசாவே இருந்தேன்டி” என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். “பெறகு ஒருநா உங்கப்பா பொண்ணு கேட்டு வந்தாக. அன்னைக்குச் சட்டுன்னு இருபத்து மூணு ஆயிட்டேன்.”

பீட்டர்ராஜைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியபோது கோயில் பதிவேட்டிலும் இருபத்து மூன்று என்றே ஏறியது. தோட்டத்துச் சீட்டைப் பார்த்து எழுதினார்கள். அதைப் பார்த்து ரேஷன் கார்டு, ரேஷன் கார்டைப் பார்த்து வாக்காளர் அட்டை, அதைப் பார்த்து ஆதார். பொய்க்குத்தான் எத்தனை சாட்சிகள்! கல்யாணத்துக்குப் பிறகு சொந்த ஊரைத் தேடிப் போனபோது வீடு இருந்த இடத்தில் சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்தது. சனங்கள் பஞ்சம் பிழைக்க எந்தத் திசைக்குப் போனார்கள் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

“இப்ப என்னங்கிற? தேதியே போடாம விடவா?” என்றான் எட்வின்.

“போன மாசம் மூச்சு வாங்குதுன்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்ல. கார்டப் பாத்துட்டு, அறுபத்து மூணு வயசுக்கு இதெல்லாம் சகஜம்தாம்மான்னு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. நானும் சரின்னு கூட்டிட்டு வந்துட்டேன்.” அவள் சிலுவையைக் கை காட்டினாள். “அம்மாவுக்கு அறுபத்து மூணு இல்லண்ணே. அந்தப் பொய்யச் சிலுவையிலயும் எழுதி அவ தலைமாட்டுல நடணுமா?”

“நாளைக்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ்னு எவ்வளவு இருக்கு. ஒண்ணுல ஒரு வயசு, இன்னொண்ணுல ஒரு வயசுன்னா நம்மள நாயா அலையவிடுவான்.”

“அதுல கார்டுல உள்ளதையே குடு. சிலுவை தாலுகா ஆபீசுக்குப் போகாது.”

பிரான்சிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்தார். “ஒண்ணும் அவசரமில்ல தாயி. ரெண்டு மணி வரைக்கும் பாப்போம்” என்றார்.

பந்தலில் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. உள்ளே பெண்கள் ஜெபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. சகாயராணி அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் அம்மா, கோபத்தில் பேசாமல் இருப்பவளைப் போலத்தான் கிடந்தாள்.

இதில் உள்ள வேடிக்கை என்னவென்றால், ஊரார் வயதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவள் ஆரோக்கியம். எழுத்துத் தெரியாது. ஆனால் மாதா கோயில் தெருவில் எந்தப் பிள்ளை என்றைக்குப் பிறந்தது என்று அவளைக் கேட்டால் போதும். பிள்ளை பார்க்கப் போகிற வீட்டில் மற்றவர்கள் அப்பன் சாடையா ஆத்தா சாடையா என்று பேசிக்கொண்டிருக்க, இவள் என்ன கிழமை, எத்தனை மணி என்று கேட்டுக்கொண்டிருப்பாள். கிராம அலுவலகத் தலையாரியே இரண்டு தடவை வந்து கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

அந்த ஞாபகத்தை அவள் சும்மா வைத்திருக்கவில்லை. இந்தக் கூடலூரில் விடிவதற்கு முன்பே குமுளிக்கு அப்பால் உள்ள தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் தாய்மாரோடு பிள்ளைகளும் ஏறும். ஆரோக்கியமும் கல்யாணமான பிறகு அந்த ஜீப்பில்தான் கூலிக்குப் போய் வந்தாள். பிள்ளை ஒன்று படியில் கால் வைத்தால் போதும், ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். “நதியா, பத்து வயசு! அஞ்சாங்கிளாஸு!” பெயரும் வயதும் வகுப்பும் மட்டும்தான். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டாள். டிரைவருக்குச் செக்போஸ்ட் பயம் வந்துவிடும். பிள்ளையை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

ஊர் அவளை வாழ்த்தவா செய்யும்? வாய்க்கு வந்தபடி வைதார்கள். டிரைவர்கள் கூடிப் பேசி ஒரு மாதம் அவளை எந்த ஜீப்பிலும் ஏற்றவில்லை. அந்த மாதம் இந்த வீட்டில் நாளுக்கு ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. அப்போதும் அவள் ஸ்டாண்டுக்குப் போய் நின்று கத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

சகாயராணிக்கும் அது நடந்திருக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிற கோடை லீவு. பக்கத்து வீட்டுப் பிள்ளை தோட்டத்துக் கூலியில் சரிகை வைத்த பாவாடை எடுத்துவிட்டாள் என்று இவளும் அப்பாவை நச்சரித்து ஜீப்பில் ஏறிவிட்டாள். உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா, பெற்ற மகளென்றும் பார்க்காமல் கத்தினாள். “சகாயராணி, பதினொண்ணு! ஆறாங்கிளாஸு!” அத்தனை பேர் முன்னாலும் இறங்கி நடந்தபோது, இவளெல்லாம் ஒரு தாயா என்று இருந்தது. அம்மாவோடு எட்டு நாள் பேசவில்லை.

இப்போது அந்தக் காலடியில் உட்கார்ந்து, அன்றைக்குச் சொல்லாமல் விட்ட நன்றியை எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல் அம்மாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்குத் தேனியிலிருந்து நதியா வந்தாள். அங்கே நர்ஸாக இருக்கிறாள். ராத்திரி டியூட்டி முடிந்து யூனிபார்மோடு நேராகப் பஸ் ஏறியிருக்கிறாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மாலையைப் போட்டுவிட்டுச் சகாயராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை என் வயசச் சொல்லி எறக்கி விட்டாகல்ல, அன்னைக்கு எங்கம்மா இந்த வாசல்ல வந்து நின்னு மண்ண வாரித் தூத்துச்சு. வயசு சொல்லுறவ வந்து சோறும் பொங்கிப் போடுன்னு கேட்டுருச்சு.”

“ஞாபகம் இருக்கு.”

“மறுநா காலைல தூக்குச்சட்டியோட எங்க வீட்டு வாசல்ல நிக்கிறாக. பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்கும் தெனமும். கஞ்சியோ கூழோ, பாதிச் சட்டி இருக்கும்.” நதியா அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்தாள். “எங்கம்மா கடைசியில, தெரியாமக் கேட்டுட்டேன் தாயி, நீ வராத, எம்பிள்ளையப் படிக்கவே வைக்கிறேன்னு கும்பிட்டுச்சு. அந்தச் சட்டிச் சோறுதான் அக்கா இந்த யூனிபார்மு.”

நதியாவைப் போல இன்னும் எத்தனையோ பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி ஜவுளிக்கடையில் நிற்கிறாள், ஒருத்தன் மின்வாரியத்தில் இருக்கிறான். எல்லாரும் தங்கள் வயதை அம்மாவின் குரலில் கேட்டவர்கள். வைத குடும்பங்கள்தான் இன்று எல்லாருக்கும் முன்னால் மாலையோடு வந்தன. சகாயராணிக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. ஆனால் பந்தலில் அந்த இரண்டு புள்ளிக்கு அப்பால் இன்னும் வெள்ளையாகவே கிடந்தது.

பன்னிரண்டரைக்கு மலையிலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்து தெருமுனையில் நின்றது. சாவுச் சேதியைக் காலையில் போன டிரைவர்களே தோட்டம் தோட்டமாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதி வேலையில் போட்டது போட்டபடி கிளம்பிய பெண்கள் ஆறேழு பேர், இடுப்பில் சாக்குத் துணியும் காலில் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கத் தடவிய புகையிலையுமாக இறங்கினார்கள். முன்னால் ஓடி வந்தவள் ராஜாத்தி. அம்மாவோடு சின்ன வயசில் ஒரே தோட்டத்தில் காய் எடுத்தவள். இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் சித்தி. ஜீப்பை ஓட்டி வந்தது அவளுடைய தம்பி சுரேஷ்கண்ணன்.

“யக்கா! என்னய விட்டுட்டுப் போயிட்டியேக்கா!” ராஜாத்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓயட்டும் என்று சகாயராணி காத்திருந்தாள். பிறகு தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“சித்தி, அம்மா தோட்டத்துக்கு வந்தப்ப என்ன வயசு?”

“பதினாலு.”

பட்டென்று வந்தது பதில். சொன்ன பிறகுதான் ராஜாத்திக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வாயில தானா வந்துருது தாயி. இப்பயும் யாராச்சும் அதட்டிக் கேட்டா அதான் வருது.”

“நெசமா என்ன இருக்கும்?”

“அதாரு கண்டா? எனக்கு மூத்தவ, அம்புட்டுத்தான் தெரியும். என் கால்ல ஏறுன அட்டையெல்லாம் அவதான் பிடுங்கிப் போடுவா. என் கூடை நெறையலேன்னா அவ கூடையிலருந்து ரெண்டு கை அள்ளிப் போடுவா. வேற பக்கம் காயெடுக்கப் போன ஆத்தாளத் தேடி நான் அழுதா ஒரு அதட்டு. அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் அக்காதான்.”

சகாயராணிக்கு ஏமாற்றமாக இருந்தது. எழுந்திருக்கப் போனவளின் கையை ராஜாத்தி விடவில்லை. சாவு வீட்டில் பழைய பேச்சு ஒன்று தொடங்கினால் லேசில் நிற்காது.

“ஒருநா கவர்மெண்டு ஆபிசரு வந்தாக தாயி. கங்காணி பிள்ளைகள வரிசையா நிப்பாட்டிட்டான். ஆபிசரு உங்கம்மாகிட்ட வயசு என்னன்னாக. இவ பதினாலுங்கிறா. முன்பல்லு ரெண்டும் இல்ல, காத்துத்தான் வருது. எனக்கானா சிரிப்புப் பொத்துக்கிட்டு வருது. ஆபிசரும் சிரிச்சுட்டாக. சிரிச்சுக்கிட்டே பதினாலுன்னு எழுதிட்டுப் போயிட்டாக. சிரிச்சதுக்குக் கங்காணி பிரம்பெடுத்துட்டு வந்தான். நாந்தான் சிரிச்சேன்னு இவ முன்னால போயி நின்னுக்கிட்டா.”

சகாயராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “முன்பல்லு விழுந்திருந்துச்சா? மேல்பல்லா, கீழ்பல்லா?”

“மேல ரெண்டும்.”

பத்து வருஷமாக இரண்டாம் வகுப்பு எடுக்கிறவள் சகாயராணி. ஒவ்வொரு வருஷமும் முன்வரிசையில் மேல்பல் இல்லாத வாய்கள் குறைந்தது பத்து இருக்கும். விழுந்த பல்லைப் பென்சில் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து காட்டுவார்கள். கீழ்பல் விழுந்து, பிறகு மேல்பல். அந்த வரிசையில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஏழு வயது.

“அது எந்த வருசம் சித்தி? ஏதாச்சும் அடையாளம் இருக்கா?”

“வருசமெல்லாம் எனக்கு எங்கன தெரியும்? ஆனா அன்னைக்குத்தான் எங்கம்மா லயத்து வீட்டுல வலியெடுத்துக் கெடந்தா. பிரம்புக்குத் தப்பி ஓடுறேன், உள்ள தொண்ட கிழிய இவன் அழுகுறான்.” வாசலில் நின்ற சுரேஷ்கண்ணனைக் கை காட்டினாள்.

சகாயராணி பந்தலுக்கு வந்து அவனிடம் லைசென்ஸைக் கேட்டாள். அவன் ஒன்றும் புரியாமல் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். 09.08.1976.

“இது பள்ளிக்கூடத்துல சேக்குறதுக்காகச் சொன்ன தேதியா மாமா?”

“இல்ல டீச்சர். தோட்டத்து நர்சம்மா அன்னைக்கே எழுதிக் குடுத்தது. அசல் தேதி.”

எழுபத்தாறில் ஏழு. அறுபத்தொன்பது. சகாயராணி இதைச் சொல்லி முடித்தபோது எட்வின் பக்கத்தில்தான் நின்றிருந்தான். “முன்பல்லு இல்லாத பிள்ளையவா…” என்றான். பந்தலுக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினான். திரும்பி வந்தபோது அவனே பிரான்சிஸிடம் சொன்னான்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுவத்தொம்பதுண்ணே. வயசு அம்பத்தாறு.”

“தேதி, மாசம்?”

“தெரியாது. வருசம் மட்டும் போடுங்க. அதுவாச்சும் அவுக வருசமா இருக்கட்டும்.”

நாலு மணிக்குத் தூக்கினார்கள். கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது அது. அப்பா பீட்டர்ராஜுக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். சாமியார் கையில் இருந்த தாளில் அறுபத்து மூன்று என்று இருந்திருக்கும். ஜெபத்தில் வயது வந்த இடத்தில் அவர் தாளைப் பார்க்காமல் சிலுவையைப் பார்த்து, ஐம்பத்தாறு ஆண்டுகள் இம்மண்ணில் வாழ்ந்த நம் சகோதரி என்று வாசித்தார். எட்வின் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டான். ஒரு பிடி மண் போடும்போது சகாயராணிக்கு, கடைசியில் அம்மாவுக்கு ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக இருந்தது. பெற்றதற்கு இது ஈடாகாது. ஆனாலும் மனசு லேசாயிற்று.

கூட்டம் கலைந்தது. மலைப் பெண்கள் ஜீப்பை நோக்கி நடக்க, ராஜாத்தி மட்டும் சிலுவைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன தாயி எழுதியிருக்கு?”

சகாயராணி எழுத்துக்கூட்டிப் படிப்பது போல விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். ராஜாத்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டே, “எனக்கும் கார்டுல அறுவத்து மூணுதான் போட்டுருக்கு. எனக்கு எத்தனைன்னு பாத்துச் சொல்றியா?” என்றாள்.

“ஆபிசரு வந்த அன்னைக்கு உங்களுக்கு முன்பல்லு இருந்துச்சா?”

“ம். விழுந்து முளைச்சிருச்சு. நல்லா பெருசா, மம்பட்டி மாதிரி. அதான் அவளப் பாத்து அப்பிடிச் சிரிச்சேன்.”

முளைத்த மேல்பல் என்றால் எட்டு வயது; ராஜாத்தி சிரித்த கதையைக் கேட்டபோதே சகாயராணிக்கு மனசில் ஓடிவிட்ட கணக்குதான். சொல்லத்தான் இவ்வளவு நேரம் ஆயிற்று.

“உங்களுக்கு அம்பத்தேழு, பெரியம்மா.”

“அம்பத்தேழா! அப்ப ஆறு வருசம் மிச்சமா எனக்கு?” ராஜாத்தியின் முகம் மலர்ந்தது. இரண்டடி நடந்தாள். அப்புறம் நின்று திரும்பினாள்.

“என்ன சொல்லிக் கூப்பிட்ட?”

சகாயராணி சிலுவையில் ஐம்பத்தாறு என்று இருந்த இடத்தில் மறுபடி விரலை வைத்தாள்.

ராஜாத்தி சிலுவையைப் பார்த்தாள், மண்மேட்டைப் பார்த்தாள். உதடுகள் எதையோ எண்ணுவது போல அசைந்தன. ஜீப்பிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் காதில் விழவில்லை. திரும்பி வந்து மண்மேட்டின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். மாலைகளை ஒதுக்கிவிட்டு, அடியில் தெரிந்த மண்ணில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தட்டிக்கொடுக்கத் தொடங்கினாள்.